‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு?

“ஒரு மொழி உருப்படியாகத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வெறும் சின்டாக்ஸ்தான்.” நிரல் மொழிகளைப் பற்றிய பேச்சு இது: மற்றதெல்லாம் எழுதும் முறையின் வித்தியாசம்தானாம். டெவலப்பர்களில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அதனாலேயே மறுத்துப் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வாக்கியம் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. முழுப் பொய் என்றால் துப்பிவிடலாம். இது பாதி உண்மை. லூப், நிபந்தனை, ஃபங்ஷன், ஹேஷ் மேப் எல்லாம் பழகியவர் எந்தப் புது மொழியிலும் இரண்டு நாளில் எதையாவது ஓடவைத்துவிடுவார். மூன்றாவது வாரத்தில்தான் வினை. அப்போது வரும் பிழைகளில், அந்த மொழிக்கே உரிய புதுமைகளால் வருபவை குறைவு. ரஸ்ட் மொழியின் லைஃப்டைம் குறியை (ஒரு மதிப்பு எதுவரை செல்லும் என்று சொல்வது) பார்த்தவுடன் ‘இது நமக்குத் தெரியாது’ என்று ஆவணத்தைத் திறந்து படிக்கிறோம். ஏற்கெனவே பழகிய ஓர் அடைப்புக்குறியைப் பார்த்தால் எதையும் திறப்பதில்லை. காலை வாரிவிடுவது அந்த அடைப்புக்குறிதான்.

மிகச் சாதாரணமான உதாரணம், வகுத்தல் மீதி. -7 % 3 என்று எழுதினால் பைத்தானும் ரூபியும் 2 என்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட், கோ (Go), ஜாவா, சி எல்லாம் -1 என்கின்றன. பைத்தானில் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கி இறங்கும்; -7 // 2 என்றால் -4. கோவிலும் ஜாவாவிலும் பூஜ்ஜியத்தை நோக்கி வரும், விடை -3. வட்டமாகச் சுற்றும் எதிலும் இது வந்து இடிக்கும். இன்றைக்குப் பத்து நாள் முன்னால் என்ன கிழமை என்று 7-ஆல் வகுத்து மீதியெடுத்து, அதை வைத்து ஏழு கிழமைகள் உள்ள அர்ரேவைத் தொடுகிற வரி பைத்தானில் பிசகில்லாமல் ஓடும். அதே வரியை அப்படியே கோவுக்குக் கொண்டுபோனால் எதிர்மறை எண் வந்து நிரல் பேனிக் ஆகி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் நிற்கவும் நிற்காது. ‘அன்டிஃபைன்ட்’ என்ற சொல் கிழமைக்குப் பதிலாகத் திரையில் வந்து உட்காரும். மீதியோடு 7-ஐக் கூட்டி மறுபடி 7-ஆல் மீதியெடுப்பது மருந்து. மருந்து ஒரு வரிதான். நோய் இருப்பதே தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

காலியான லிஸ்ட்டை நிபந்தனையில் வைத்தால் பைத்தானில் பொய், ஜாவாஸ்கிரிப்ட்டில் மெய். பூஜ்ஜியம் ரூபியில் மெய். 10, 9, 1 என்ற மூன்று எண்களை ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட்டிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்தால் 1, 10, 9 என்று அடுக்கித் தரும். ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் எண்களை ஸ்ட்ரிங்காக மாற்றி ஒப்பிடுவது அதன் வழக்கம். இவை எல்லாம் பலருக்கும் தெரிந்த வேடிக்கைகள். மீம் போட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிரிக்க முடியாதவை அடுத்து வருபவை.

ஒரே முகம், வேறு ஆள்

பைத்தானில் 1, 2, 3, 4 என்ற லிஸ்ட் இருக்கிறது. [:2] என்று போட்டு முதல் இரண்டை வெட்டி எடுத்து, வெட்டிய துண்டின் கடைசியில் 99-ஐச் சேர்க்கிறோம். மூல லிஸ்ட்டில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் வெட்டும்போதே நகல் எடுக்கப்பட்டுவிட்டது. கோவிலும் அதே [:2], குறிகூட மாறவில்லை. 99-ஐச் சேர்த்துவிட்டு மூலத்தைப் பார்த்தால் 1, 2, 99, 4. மூன்றைக் காணோம்.

காரணம் எளிது. கோவில் ஸ்லைஸ் என்பது மூன்று தகவல்களின் கட்டு: அடியில் உள்ள அர்ரே எங்கே இருக்கிறது, எத்தனை உறுப்புகள் கண்ணில் படலாம், அர்ரேவில் மொத்தம் எவ்வளவு இடம் இருக்கிறது. [:2] போட்டால் நீளம் 2 ஆகிறது, கொள்ளளவு 4 ஆகவே நிற்கிறது. அப்பெண்ட் செய்யும்போது, அதாவது கடைசியில் சேர்க்கும்போது, ‘இடம்தான் இருக்கிறதே’ என்று மூன்றாவது கட்டத்தில் எழுதிவிடுகிறது. இடம் இல்லாதபோது மட்டும் புது அர்ரே ஒதுக்கி நகலெடுக்கிறது. இதில் பொல்லாத விஷயம், ஒரே வரி சில நேரம் மூலத்தைக் கெடுக்கும், சில நேரம் கெடுக்காது. முழு ஸ்லைஸையும் கொடுத்து டெஸ்ட் எழுதியிருந்தால் இடம் நிரம்பியிருக்கும், நகல் எடுக்கப்படும், டெஸ்ட் பச்சை காட்டும். நிஜ டேட்டாவில் பாதியை வெட்டித் தரும்போது பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கும். மூன்றாவது எண்ணைச் சேர்த்து [:2:2] என்று எழுதினால் கொள்ளளவும் இரண்டாகச் சுருங்கிவிடும், அடுத்த அப்பெண்ட் கட்டாயம் புது இடம் தேடும். கோ 1.21 முதல் நகலெடுக்கவென்றே ஸ்லைசஸ் பேக்கேஜில் குளோன் ஃபங்ஷன் இருக்கிறது.

இதே கதை தலைகீழாகவும் நடக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து பைத்தானுக்கு வருபவர் ஃபங்ஷனின் அளவுருவுக்கு இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுப்பார். ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வோர் அழைப்புக்கும் புது அர்ரே செய்து தரும். பைத்தான் அந்த லிஸ்ட்டை ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளும். முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாவது அழைப்பில் அப்படியே காத்திருக்கும். வெப் சர்வரில் இது நடந்தால் ஒரு பயனரின் தகவல் அடுத்த பயனரின் பக்கத்தில் எட்டிப் பார்க்கும்.

ஐந்து, பதினைந்து, மூன்று

இதுவரை சொன்னவற்றுக்கு ‘சின்டாக்ஸ்தான்’ கட்சிக்காரர்களிடம் ஒரு பதில் உண்டு: “சரி, சின்ன வித்தியாசங்கள். ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டால் போச்சு.” அந்தப் பதில் எங்கே உடைகிறது என்று பார்க்க ஒரு சோதனை போதும். தமிழ் தெரிந்த டெவலப்பர்களுக்கு இது கையிலேயே இருக்கிறது. புது மொழியில் ‘ஹலோ வேர்ல்டு’ அச்சிடுவதை விட்டுவிட்டு, ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கின்றன. கோவும் ரஸ்ட்டும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்றுதான்: த, மி, ழ்.

ஐந்து எப்படி? யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பதினைந்து எப்படி? குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; ஐம்மூன்று பதினைந்து. பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டும் அதையே எண்ணுவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் எண்ணுவது 16 பிட் அலகுகளை. தமிழுக்கு இரண்டும் ஒத்துப்போகும். சிரிப்பு எமோஜி ஒன்றைக் கொடுத்தால் பைத்தான் 1 என்னும், ஜாவாஸ்கிரிப்ட் 2 என்னும். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த 1995இல் உலகத்து எழுத்தெல்லாம் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்று நம்பினார்கள். நம்பிக்கை பொய்த்தாலும் கணக்கு நிலைத்துவிட்டது. கோ ஏன் பைட்டை எண்ணுகிறது என்பதற்கும் வரலாறு உண்டு. 1992இல் யூடிஎஃப்-8ஐ வடிவமைத்த கென் தாம்ப்சன், ராப் பைக் இருவரும் பின்னாளில் கோவை உருவாக்கிய மூவரில் இருவர். அவர்களுக்கு ஸ்ட்ரிங் என்பது பைட்டுகளின் வரிசை. ஸ்விஃப்ட்டோ, படிக்கிறவர் கண்ணுக்கு எது ஓர் எழுத்தோ அதையே எண்ணுவது என்று முடிவெடுத்தது. அதற்கு விலையும் கொடுக்கிறது: நீளம் கேட்டால் ஸ்ட்ரிங் முழுவதையும் நடந்து பார்த்து எண்ணவேண்டும், ‘ஐந்தாவது எழுத்தைக் கொடு’ என்று எண்ணைப் போட்டு நேராகக் கேட்கவும் முடியாது.

இந்த விடைகளில் எதுவும் தவறில்லை என்பதுதான் திருப்பம். நெட்வொர்க்கில் எத்தனை பைட் போகும் என்று கேட்டால் 15 சரி. திரையில் எத்தனை எழுத்து தெரியும் என்று கேட்டால் 3 சரி. நீளம் என்ற சொல்லுக்கு யாருடைய பார்வையில் பொருள் கொள்வது என்று ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகத் தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீர்மானம் ஒரு ஃபங்ஷனோடு நிற்காமல் மொழி முழுக்கக் கசிகிறது. ரஸ்ட்டில் ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை [0] என்று கேட்டால் கம்பைலரே மறுத்துவிடும். 0 முதல் 3 வரையான பைட்டுகளைக் கேட்டால் ‘த’ கிடைக்கும். 0 முதல் 1 வரை கேட்டால் எழுத்தின் நடுவில் வெட்டுகிறாய் என்று பேனிக் ஆகும். கோ மறுக்காது. நீளமான தமிழ் வரி ஒன்றை 20 பைட் வரை வெட்டச் சொன்னால் ஆறு குறியீடுகளையும் ஏழாவதின் மூன்றில் இரண்டு பங்கையும் சத்தமில்லாமல் தரும். அதை ஜேசனாக (தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) மாற்றும்போது உடைந்த பைட்டுகளுக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் முதல் நான்கை வெட்டினால் ‘தமிழ்’ புள்ளி இழந்து ‘தமிழ’ ஆகும். எங்கும் பிழைச் செய்தி வராது. எழுத்துப்பிழை மட்டும் வரும்.

நடைமுறையில் இது எங்கே வலிக்கும் என்றால், ஒரே படிவம் மூன்று மொழிகளைக் கடந்து போகும் இடத்தில். பெயர்ப் பெட்டிக்கு 50 என்று உச்சவரம்பு வைக்கிறோம். பிரவுசர் அதை 16 பிட் அலகில் எண்ணும். பின்னால் இருக்கும் கோ சர்வர் நீளம் 50ஐத் தாண்டுகிறதா என்று பைட்டில் எண்ணும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வார்கார்(50) என்று வைத்த எழுத்துப் புலம் குறியீடுகளில் எண்ணும். ஆங்கிலப் பெயரில் மூன்றும் ஒரே விடை, எல்லா டெஸ்ட்டும் பாஸ். இருபது குறியீடுள்ள தமிழ்ப் பெயர் 60 பைட்; பிரவுசரும் டேட்டாபேஸும் வாங்கிக்கொள்ளத் தயார், நடுவில் உள்ள சர்வர் ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பும். கோவில் யூடிஎஃப்-8 பேக்கேஜின் ரூன் (குறியீட்டுக்குக் கோ வைத்த பெயர்) எண்ணும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் தீரும்.

இன்னொன்று. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் எழுதலாம்; ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சமமா என்று கேட்டால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் எல்லாம் இல்லை என்னும். ஸ்விஃப்ட் மட்டும் ஆம் என்னும். தேடல் பெட்டியில் ‘கொக்கு’ என்று அடித்தால் கிடைக்காத கொக்கு பெரும்பாலும் இந்த வேலிக்குள்தான் மாட்டியிருக்கும். உள்ளே வரும் எழுத்தை எல்லாம் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமிப்பது பழக்கமாகவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் அதற்கு ஃபங்ஷன் கூடவே வருகிறது. ரஸ்ட்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் கிடையாது, தனி கிரேட் (ரஸ்ட்டின் பேக்கேஜ்) சேர்க்கவேண்டும்.

(வேடிக்கையாக ஒன்று: பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் மாறிக்கு ‘தமிழ்’ என்றே பெயர் வைக்கலாம். கோவில் முடியாது. எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும்தான் பெயரில் வரலாம் என்பது அதன் விதி. இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல. ‘படம்’ என்று பெயர் வைக்க முடியாது, ‘பட’ என்று வைக்கலாம்.)

ஓட்டிப் பார்க்கும் முன் எழுதி வைப்பது

ஆக, புது மொழியிடம் போகும்போது ‘இதில் லூப் எப்படி எழுதுவது’ என்ற கேள்வி இரண்டாம் பட்சம். அந்த மொழி ஏற்கெனவே எடுத்த முடிவுகள் என்னென்ன என்பதுதான் முதலில் தெரியவேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சாதாரண ஃபைல். சின்னச் சின்னதாக இருபது துண்டு நிரல்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. ஓட்டுவதற்கு முன்னால் ‘இது என்ன அச்சிடும்’ என்று பக்கத்தில் கருத்துரையாக எழுதிவிட்டுத்தான் ஓட்டவேண்டும். எழுதாமல் ஓட்டினால் பயனே இல்லை. விடையைப் பார்த்த பிறகு ‘இதைத்தான் நானும் நினைத்தேன்’ என்று மனசு கூசாமல் பொய் சொல்லும். தவறிய கணிப்புகள்தான் படிக்கவேண்டிய பாடத்திட்டம். இருபதில் பதினான்கு சரி என்றால் மீதி ஆறுக்கு மட்டும் ஆவணத்தைப் படித்தால் போதும். இரண்டு மாலை வேலை.

என்னென்ன துண்டுகள்? ஒரு மதிப்பை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை மாற்றினால் மற்றது மாறுகிறதா. ஃபங்ஷனுக்குக் கொடுத்தால்? மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் என்ன வரும்: பைத்தான் பிழை எழுப்பும், ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்ட் தரும், கோ அந்த வகையின் பூஜ்ஜிய மதிப்பைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும், ரஸ்ட்டில் கெட் என்று கேட்டால் இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்ற ஆப்ஷனாகத் தரும். இல்லாத ஃபைலைத் திறந்தால்? லூப்புக்குள் உருவாக்கிய மூன்று ஃபங்ஷன்களை லூப் முடிந்தபின் அழைத்தால் எந்த எண் வரும்? முழு எண் எல்லை மீறினால்? பைத்தானில் எல்லையே இல்லை; கோவில் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போகும்; ரஸ்ட்டில் டீபக் பில்டில் பேனிக், ரிலீஸ் பில்டில் இயல்பாகச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கடைசி வித்தியாசத்தைக் கணிப்பவர்கள் குறைவு.

அசிங்க் பற்றி, அதாவது ஒரு வேலை முடியக் காத்திருக்கும்போதே மற்றதை ஓடவிடுவது பற்றி, ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். அசிங்க், அவெய்ட் என்ற இரட்டைச் சொற்கள் பைத்தான் 3.5, ஜாவாஸ்கிரிப்ட்டின் 2017 பதிப்பு, ரஸ்ட் 1.39 எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்தன. ஒரு விநாடி பிடிக்கும் இரண்டு அழைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் முதல் ஃபங்ஷனை அழைத்து விடையை ஒரு மாறியில் வைக்கிறோம், இரண்டாம் வரியில் அடுத்ததை. மூன்றாம், நான்காம் வரிகளில் இரண்டுக்கும் அவெய்ட். ஜாவாஸ்கிரிப்ட்டில் மொத்தம் ஒரு விநாடி, ஏனென்றால் அழைத்த மாத்திரத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. பைத்தானில் இரண்டு விநாடி. அங்கே அழைப்பது கோரூட்டீன் ஒன்றைச் செய்து கையில் தருவதோடு சரி, அவெய்ட் சொல்லும்வரை ஒரு வரியும் ஓடாது. சேர்ந்து ஓடவேண்டும் என்றால் அசிங்க்ஐஓவின் கேதரில் போடவேண்டும், அல்லது டாஸ்க்காக மாற்றவேண்டும். ரஸ்ட்டும் சோம்பேறிக் கட்சிதான். கூடுதலாக, ஓட்டுவதற்கான ரன்டைமே மொழியோடு வருவதில்லை, டோக்கியோ மாதிரி ஒன்றைச் சேர்க்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வழியிலும் பள்ளம் உண்டு: முதலாவதுக்குக் காத்திருக்கும்போது இரண்டாவது தோற்றுவிட்டால் அந்தத் தோல்வியைப் பிடிக்க ஆள் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் 15 முதல் அப்படிப் பிடிபடாத தோல்வி முழு ப்ராசஸையும் கவிழ்த்துவிடும். இரண்டையும் ப்ராமிஸ் ஆலில் சேர்த்துக் கட்டுவது பத்திரம். பைத்தானில் இன்னொரு சறுக்கல், அசிங்க் ஃபங்ஷனுக்குள் சாதாரண ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை அழைப்பது. அந்த ஒரு அழைப்பு முடியும்வரை ஈவென்ட் லூப் மொத்தமும் உறைந்து நிற்கும். லோக்கலில் ஒற்றை ஆளாகச் சோதிக்கும்போது தெரியவே தெரியாது.

கருவிகள் விஷயத்தில் தரை எங்கே இருக்கிறது

மொழிகளை விட வெப் கருவிகள் வேகமாக மாறுகின்றன என்று எல்லோரும் புலம்புகிறோம். ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்து, 2016இல் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்ட வேறொன்றாக மாறியது. ரியாக்ட் 2013இல் வந்து, 2019இல் ஹூக்ஸ் வந்தபின் எழுதும் முறையே மாறிப்போனது. கிரியேட் ரியாக்ட் ஆப் பல வருடம் எல்லாப் பயிற்சிகளிலும் முதல் வரியாக இருந்துவிட்டு 2025இல் கைவிடப்பட்டது. புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருவி எதன் மேல் நிற்கிறதோ அது அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஹெச்டிடிபியின் ஸ்டேட்டஸ் கோடுகளும், குக்கியும், எஸ்கியூஎல்லின் ஜாயினும் பத்து ஃபிரேம்வொர்க்குகளைப் பார்த்து முடித்துவிட்டன. கருவியைக் கற்கும்போது வரும் குழப்பங்களில் பெரும்பகுதி, இது கருவியின் வேலையா, அடியில் இருப்பதன் வேலையா என்று பிரிக்கத் தெரியாததால் வருகிறது.

கார்ஸ் பிழைதான் இதற்கு அரசன்: ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் சர்வரை அழைக்கும்போது வருவது. கர்ல் என்ற கட்டளைக் கருவியில் அழைத்தால் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் சிவப்பாகத் திட்டுகிறது. உடனே முன்பக்க நிரலில் ஹெட்டரை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். தடுப்பது பிரவுசர், அனுமதி தரவேண்டியது சர்வர். முன்பக்கத்தில் எத்தனை ஹெட்டர் சேர்த்தாலும் நிலைமை மோசமாகவே செய்யும், ஏனென்றால் புது ஹெட்டர் சேர்த்தால் சாதாரண அழைப்பும் ப்ரீஃப்ளைட் (முன்கூட்டியே அனுமதி கேட்பது) தேவைப்படும் அழைப்பாக மாறி, ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்று முன்னால் போகத் தொடங்கும். அதற்குப் பதில் சொல்ல சர்வரில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நெட்வொர்க் பலகத்தைத் திறந்து முதலில் தோற்றது ஆப்ஷன்ஸா, உண்மையான அழைப்பா என்று பார்த்தால் பாதி முடிச்சு அவிழும்.

சர்வரை அழைக்க பிரவுசரே தரும் ஃபெட்ச் இன்னொரு பழகிய முகம். அதே வேலைக்கான ஆக்ஸியோஸ் லைப்ரரியில் பழகியவர், சர்வர் 500 கொடுத்தால் கேட்ச்சுக்குள் போகும் என்று நினைப்பார். ஃபெட்ச் நெட்வொர்க்கே அறுந்தால்தான் தோற்கும்; 404ம் 500ம் அதன் கண்ணில் வெற்றிகரமான பதில்கள். ஓகே என்ற பண்பை நாமே பார்க்கவேண்டும். டைம்அவுட்டும் இப்படித்தான். கோவின் ஹெச்டிடிபி கிளையன்ட்டும், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸும் நாம் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். பைத்தானின் இன்னொரு லைப்ரரியான ஹெச்டிடிபிஎக்ஸ் 5 விநாடியில் கைவிட்டுவிடும். ரிக்வெஸ்ட்ஸிலிருந்து ஹெச்டிடிபிஎக்ஸுக்கு மாறியதும் ஆறு விநாடி பிடிக்கும் ரிப்போர்ட் திடீரென்று உடைந்தால் பழி புது லைப்ரரி மேல் விழும். பழையது இத்தனை நாள் எல்லையே இல்லாமல் ஓடியது யாருக்கும் உறைக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்டோடு வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும். கம்பைல் ஆனதும் வகைகள் அழிந்துவிடும். சர்வரிலிருந்து வந்த ஜேசனை ‘இது பயனர் வகை’ என்று ஆஸ் போட்டு அறிவித்தால், அது சோதனை கிடையாது, வாக்குறுதி. சர்வர் வயதை எண்ணாக அனுப்பாமல் ஸ்ட்ரிங்காக அனுப்பினால் கம்பைலருக்கு அது தெரியப்போவதே இல்லை. வயதோடு ஒன்றைக் கூட்டும்போது 31 வராமல் 301 வரும். ஜாவா, சிஷார்ப் பக்கமிருந்து வருபவர்கள் இதில் தவறாமல் விழுகிறார்கள், வகை என்றால் ஓடும்போதும் காவல் இருக்கும் என்ற பழக்கத்தால். எல்லையில் ஸாட் மாதிரி ஒரு சரிபார்ப்பு லைப்ரரியை வைத்து நிஜமாகச் சரிபார்த்துவிட்டு உள்ளே விடவேண்டும். புது ப்ராஜெக்ட்டில் ஸ்ட்ரிக்ட் அமைப்பை முதல் நாளே ஆன் செய்யவேண்டும். ஆறு மாதம் கழித்து ஆன் செய்தால் வரும் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மறுபடி ஆஃப் செய்துவிடுவார்கள்.

ரியாக்ட் 18இல் கற்கத் தொடங்குபவர்கள், யூஸ்எஃபெக்ட் (திரையில் ஒரு பகுதி ஏறியதும் ஓடும் நிரல்) இரண்டு முறை ஓடுகிறதே என்று அலறி ஸ்ட்ரிக்ட் மோடை எடுத்துவிடுகிறார்கள். டெவலப்மென்ட்டில் மட்டும் அது வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது: மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்க்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் உடைந்தால், துப்புரவு ஃபங்ஷன் எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று பொருள். சப்ஸ்கிரிப்ஷனை அறுக்காமல், டைமரை நிறுத்தாமல். மணியடிக்கிறது என்று மணியைக் கழற்றக்கூடாது.

பேக்கேஜ் விஷயத்தில் முதல் நாள் படிக்கவேண்டியது ஒன்றுதான்: பதிப்பு எண்ணை யார் தீர்மானிக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் ^1.2.3 என்றால் 2.0.0க்குக் கீழே எது வேண்டுமானாலும் வரலாம், ^0.2.3 என்றால் 0.3.0க்குக் கீழேதான். லாக் ஃபைலை (நிறுவிய பதிப்புகளின் துல்லியமான பட்டியல்) கிட்டில் சேர்க்காமல் விட்டால் இன்று ஓடியது நாளை பில்டில் உடையும். சிஐயில் (பில்டும் டெஸ்ட்டும் தானாக ஓடும் இடம்) இன்ஸ்டால் கட்டளைக்குப் பதில் என்பிஎம் சிஐ போட்டால் லாக் ஃபைலில் உள்ளதை மட்டும், அப்படியே போடும். பேக்கேஜ்.ஜேசனும் லாக் ஃபைலும் முரண்பட்டால் நின்றுவிடும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜ் ரிஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கப்பட்டபோது எத்தனையோ பில்டுகள் சாய்ந்தன. சாய்ந்த பலருக்கும் அப்படி ஒரு பேக்கேஜைத் தாங்கள் பயன்படுத்துவதே அன்றுதான் தெரிந்தது.

என்ன கட்டிப் பார்ப்பது

டுடூ லிஸ்ட் வேண்டாம். அதில் எதுவும் உடையாது. ஏற்கெனவே வேறு மொழியில் எழுதிய, விடை தெரிந்த ஒரு நிரலை மறுபடி எழுதுவது நல்லது. என் கணக்கில் சிறந்தது ஒரு லாக் படிப்பான்: சில நூறு எம்பி உள்ள ஆக்சஸ் லாக்கை (சர்வருக்கு வந்த அழைப்புகளின் பதிவு) வரிவரியாகப் படித்து, ஸ்டேட்டஸ் கோடு வாரியாக எண்ணி, அதிகம் அழைக்கப்பட்ட பத்து முகவரிகளை அடுக்கி, ஜேசனாக எழுதவேண்டும். ஃபைல், ஸ்ட்ரிங், மேப், சார்ட், பிழை கையாளுதல் ஐந்தும் ஒரே நூறு வரியில் வந்துவிடும். பிறகு கெடுக்கவேண்டும். நடுவில் பாதி அறுந்த வரி ஒன்று. ஒரு எம்பி நீளத்தில் ஒற்றை வரி ஒன்று: கோவின் ஸ்கேனர் இயல்பாக 64 கேபிக்கு மேல் உள்ள வரியைப் பார்த்தால் நின்றுவிடும், எர் என்ற ஃபங்ஷனை நாம் கேட்காவிட்டால் ஃபைல் முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8க்குள் அடங்காத பைட் ஒன்று: பைத்தான் விதிவிலக்கு எழுப்பும். இந்த மூன்றையும் சமாளிக்கத் தெரிந்தவருக்கு அந்த மொழியில் வேலை செய்யத் தெரியும் என்று நம்பி நிரலைக் கொடுக்கலாம்.

நிரல் எழுதும் முன்னால் ஃபார்மேட்டர், லின்டர், டீபக்கர் மூன்றையும் எடிட்டரில் பொருத்திவிடுவது நலம். டீபக்கரைத் தள்ளிப்போடுகிறவர்கள் அச்சிட்டு அச்சிட்டே காலம் தள்ளுகிறார்கள். பிழைத் தடத்தை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பைத்தானில் காரணம் கடைசி வரியில், ஜாவாவிலும் நோடிலும் மேலே. மாறி வருபவர்கள் தவறான முனையைப் பிடித்து நேரத்தை விடுகிறார்கள்.

ஏஐ உதவியாளர்கள் எழுதித் தருகிறபோது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவை எழுதும் நிரல் கம்பைல் ஆகும், பெரும்பாலும் ஓடவும் செய்யும். மேலே சொன்ன [:2] வரியும் கம்பைல் ஆகி ஓடியதுதான். அதைப் பார்த்து ‘இங்கே நகல் எடுக்கவில்லையே’ என்று கேட்க, கேட்பவருக்கு முதலில் சந்தேகம் வரவேண்டும். கணிப்பை எழுதிய பிறகு விளக்கம் கேட்பதற்கு அவை நன்றாகவே உதவும். முன்னால் கேட்டால் கணிப்பே போய்விடும்.

இருபது துண்டு ஃபைலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மொழியின் புது பதிப்பு வரும்போது மறுபடி ஓட்டலாம். லூப்புக்குள் செய்த மூன்று ஃபங்ஷன்கள் என்ற துண்டுக்குக் கோ பல வருடம் 3, 3, 3 என்று விடை சொல்லிவந்தது. 2024இல் வந்த 1.22இல் 0, 1, 2 என்று மாறிவிட்டது. புதிய கம்பைலரைப் போட்டு ஓட்டியும் பழைய விடையே வந்தால் கம்பைலர் மேல் சந்தேகப்படவேண்டாம். கோ.மாட் ஃபைலைத் திறந்து, மேலே உள்ள பதிப்பு வரியில் இன்னும் 1.21 என்று இருக்கிறதா பாருங்கள்.